கால் வலியும் கல் வேலியும்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வாரப் பத்திரிகை ஒன்றின் இணையப் பிரிவில், கட்டுரைத் தலைப்புகளை இணைய முகவரிகளாக மாற்றும் நிரலை எழுதியவள் அவள்தான். காற்புள்ளி, கேள்விக்குறி, மேற்கோள் குறி எதுவும் முகவரிக்குள் தலைகாட்ட முடியாது. எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ளே. இடைவெளிக்குப் பதில் ஒரு சிறு கோடு. ஆறு வருடம் ஆங்கிலத் தலைப்புகளைச் சலித்தும் ஒரு புகார் வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

தமிழ்ப் பக்கம் தொடங்கிய மூன்றாம் மாதம், கணவனின் அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். இருவருக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. ஆனாலும் சல்லடை, 'கால் வலி' என்ற மருத்துவக் கட்டுரையின் முகவரியை அனுப்பிவைத்தாள். மறுநாள் மதியம் நாத்தனார் போன் செய்தார்.

"முழுசாப் படிச்சேன். கால்ல எதுக்கும்மா சிமெண்ட் பூசணும்?"

"சிமெண்டா? என்ன அண்ணி சொல்றீங்க?"

"ரெண்டடி ஆழம் தோண்டணும்னும் போட்டிருக்கு. கிண்டல் பண்ண நான்தான் கிடைச்சேனா?"

போனை வைத்துவிட்டார்.

சல்லடை அந்த முகவரியைத் திறந்தாள். தோட்டப் பகுதிக்காக வந்த 'கல் வேலி' கட்டுரை நின்றது. அவள் நிரல் இரண்டு தலைப்புகளையும் 'கல-வல' என்றே ஆக்கியிருந்தது. பின்னால் வந்தது முன்னால் இருந்ததன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கணினியின் கணக்கில் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் எழுத்தல்ல, எழுத்தோடு ஒட்டும் குறிகள். குறி என்றால் வெளியே தள்ளு என்று சொல்லிவைத்தவள் அவளேதான். முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது அது சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டு தெரியும் என்பதால் யாரும் அதைப் படித்துப் பார்த்ததே இல்லை.

எழுத்தோடு ஒட்டியதைத் தள்ளாதே என்று ஒரு வரி மாற்றினாள். பத்து நிமிட வேலை. பழைய முகவரிகளைத்தான் ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது.

சனிக்கிழமை, திருத்த வேண்டிய பழைய முகவரிகளின் பட்டியலோடு நாத்தனார் வீட்டுக்கே போனாள். கட்டிலோரம் உட்கார்ந்து, 'கால் வலி' என்று ஒரு தாளில் எழுதி, குறிகளை அடித்துக் காட்டினாள். நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை வாங்கினார். மேலிருந்து கீழே விரலை ஓட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இது என்ன தலைப்பும்மா?"

'நதியின் மூலம்'. முகவரி 'நதயன-மலம'.

நாத்தனார் சத்தமாக ஒருமுறை படித்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டே, வலிக்க வலிக்கச் சிரித்தார். கல்யாணமாகி வந்த பதினொரு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.