என்னைத் துரத்திய ஒரு படுக்கையறை ஃப்ளாட்

அன்றைக்குக் காலை காபி டம்ளரோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கோர் பரிதாபமாக இருந்தது. பக்கத்தில் ஒரு விளம்பரம் — 'சென்னையில் ஒரு படுக்கையறை ஃப்ளாட். உடனே குடியேறலாம்.'

யாரோ விற்கிறார்கள், யாரோ வாங்குகிறார்கள், நமக்கென்ன? செய்திப் பக்கத்துக்குப் போனேன். அங்கேயும் அதே ஃப்ளாட். அதே பால்கனி, அதில் அதே பூந்தொட்டி. சரி, ராசிபலனாவது பார்ப்போம் என்று போனால், என் ராசிக்கு 'இடமாற்றம் உண்டு' என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில்… பூந்தொட்டி.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கூடத்தில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் இன்னும் அதன் நெற்றியில் இருக்கிறது. பொதுச் சொத்து. நான் அதில் ஸ்கோர் பார்ப்பேன், உங்களுக்கு இந்தப் பத்தியை அடிப்பேன். மகன் பிரபு, ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்துவிட்டு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் மெயில் பார்ப்பான். போன வருஷம்தான் அவனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் கவிதா ஆரணிப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள். என் மனைவி சரோஜா அதைத் துடைப்பாள்.

பூந்தொட்டி விவகாரத்தை டில்லிபாபுவிடம் கொண்டுபோனேன். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர். அவர் கடை மெஷின்களில் இல்லாத வைரஸ் கிடையாது. ஆனால் அடுத்தவர் மெஷினுக்கு வைத்தியம் சொல்வதில் கெட்டிக்காரர்.

"அது குக்கி சார்" என்றார்.

பிஸ்கட் ஜோக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டேன், அவர் சிரிக்கவில்லை.

"நீங்க வெளியூர்க்காரர்னு வெச்சிக்குங்க சார். காந்தி ரோட்ல ஒரு பட்டுப் புடவைக் கடையில பூந்து, அரக்குல மாம்பழக் கலர் பார்டர் இருக்குதான்னு கேட்டுட்டு வாங்காம வெளிய வர்றீங்க. நம்ம புரோக்கர் பசங்க இன்னா பண்ணுவாங்க? வண்டியில பின்னாலயே வந்துக்கினு, 'அரக்கு தான சார் கேட்டீங்க'ன்னு அடுத்த தெருவுல மடக்குவாங்க இல்ல? அவன் யாருன்னே உங்களுக்குத் தெரியாது. நீங்க கேட்ட பார்டர் வரைக்கும் அவனுக்குத் தெரியும். அதான் குக்கி."

"அப்போ கேட்காதவனைத் துரத்தாதா?"

"எதுக்குத் துரத்தப் போறான்? உங்க வீட்டு மெஷின்ல யாரோ ஃப்ளாட்டு பாத்துக்கினு இருக்காங்க சார்."

யாரோ! விரல் விட்டு எண்ணினேன். வீட்டில் இருப்பது நாலு பேர். நான் பார்க்கவில்லை. சரோஜாவுக்கு மவுஸைத் தூக்கி அடியில் துடைக்கத் தெரியும், அவ்வளவுதான். மிச்சம் இரண்டு பேர். அதுவும் ஒரே ஒரு படுக்கையறை! அப்பா அம்மா எட்டிப் பார்த்தால்கூட உட்கார வைக்க இடமில்லாத கணக்கு. ஆக, தனிக்குடித்தனம்.

பிரபு அப்படிப்பட்ட பையன் இல்லை. பிள்ளைகள் எப்போதுமே அப்படிப்பட்டவர்கள் இல்லை; மருமகள்கள்தான் எப்போதும் அப்படிப்பட்டவர்கள். உலகத்து மாமனார்கள் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

சரோஜாவிடம் மூச்சு விடவில்லை. பாவம், தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். ஒரே பிள்ளை வீட்டை விட்டுப் போகப் பார்க்கிறான் என்று தெரிந்தால் ரத்தக்கொதிப்பு ஏறிவிடாதா? எனவே போரை நானே தனியாக நடத்துவது என்று முடிவு செய்தேன்.

கவிதா கூடத்தைப் பெருக்கும்போது, "ஒரு ரூம் வீடுன்னா பெருக்கறது சுலபம், இல்லம்மா?" என்பேன். அவள் துணி காயப்போட்டால், "பால்கனி இருந்தா எவ்ளோ வசதி" என்பேன். ஒருநாள் துளசிக்குத் தண்ணீர் ஊற்றினாள். பூந்தொட்டியைப் பற்றி நான் பேசியதை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றுக்கும் அவள் "ஆமா மாமா" என்றாள். தலை மட்டும் நிமிரவில்லை. அந்த வார முடிவில், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள்.

"அப்பா, கவிதாகிட்ட இன்னா சொன்ன?" என்று பிரபு வந்து நின்றான்.

"நான் இன்னா சொன்னேன்? பொதுவா வீட்டைப் பத்திப் பேசினேன்."

மறுநாளே அவன் லீவு போட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு ஆரணிக்குப் போய்விட்டான். எப்போது திரும்புவோம் என்று சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை.

"அந்தப் பொண்ணு ஏங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு போவுது?" என்று சரோஜா கேட்டாள்.

"வெயில்" என்றேன்.

அன்று மத்தியானம் டில்லிபாபு போனில் சொல்லச் சொல்ல, டூல்ஸ், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ் என்று ஒவ்வொன்றாகத் திறந்து மொத்தக் குக்கியையும் அழித்தேன். வீட்டில் எல்லாரும் தினமும் அந்த விளம்பரத்தைப் பார்த்தால் ஆசை வளரும் அல்லவா? அழித்தவுடன் என் மெயில், நீங்கள் யார் என்று கேட்டது. பாஸ்வேர்ட் என்ன என்று நான் அதைக் கேட்டேன். இருவருக்கும் பதில் தெரியவில்லை. போகட்டும், பூந்தொட்டி ஒழிந்தது. அந்த இடத்தில் முகப்பரு க்ரீம் விளம்பரம் வந்தது. இந்த வயதில் அதை ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் நிம்மதி. அதற்கடுத்த காலை ஸ்கோர் பக்கத்தைத் திறந்தேன். பால்கனி… பூந்தொட்டி!

பிரபுவும் கவிதாவும் ஆரணியில் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இங்கே இருக்கிறது. வீட்டில் இருப்பது இரண்டு பேர், அதில் ஒருவன் நான். இவ்வளவு தெளிவான கணக்கிலும் நான் முதலில் சந்தேகப்பட்டது பால்காரரை என்றால், என் துப்பறியும் திறமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில் சரோஜா மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டர்ல யாராவது ஃப்ளாட்டு பாத்தாங்களா?"

"நான்தான் பாத்தேன்" என்றாள், தலையைத் தூக்காமல்.

"உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"கவிதா சொல்லிக்குடுத்துச்சு. மத்தியானம் நீங்க தூங்கறப்போ."

"யாருக்கு ஃப்ளாட்டு?"

"எனக்கு."

நான் அரிசி டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"கருட சேவை வருது இல்ல" என்றாள், அதுதான் விளக்கம் என்பது போல.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். வைகாசியில் பெருமாள் கருடன் மேல் ஏறி விடியற்காலையில் கோபுர வாசலைத் தாண்டி வருவார். ஊரே திரண்டு நிற்கும். எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். எனவே முந்தின நாளே சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். சென்னையிலிருந்து, வேலூரிலிருந்து, சொந்தக்காரர்களின் ஆபீஸ் நண்பர்கள்கூட. யாரும் வருவதாகச் சொல்வதில்லை. சொல்லிவிட்டு வந்தால் அந்நியர்கள் என்று அர்த்தம். கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் படுத்திருப்பார்கள். நான் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்பேன். அந்த வேலையை நான் குறையில்லாமல் செய்வேன் என்று பெயர்.

"உங்களுக்கு வாங்க வாங்கன்னு சொல்றதோட சரி" என்றாள் சரோஜா. "இட்லி யாரு ஊத்தறது? கண்ணாலம் ஆயி வந்ததுலருந்து ஒரு தபா கூட நான் கருட சேவை பாத்ததில்லங்க. சத்தம்தான் கேப்பேன். வேட்டு போட்டாங்கன்னா சாமி கோபுர வாசல் தாண்டிடுச்சின்னு தெரிஞ்சிக்குவேன். அப்போ அடுத்த ஈடு இட்லி எடுக்கணும், எல்லாரும் பசியோட வந்துடுவாங்க."

பெருமாளைப் பார்த்துவிட்டு வந்து, அந்த இட்லியை நானும்தான் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன். போன வருஷம் சட்னியில் உப்பு கம்மி என்றுகூடச் சொன்ன ஞாபகம்.

"அதான் ஒரே ரூம் வீடாப் பாத்தேன். வர்றவங்க படுக்க எடமே இருக்கக் கூடாது."

"அப்போ கருட சேவைக்கு?"

"யார் வூட்டுக்காச்சும் வந்து எறங்கிக்கறது. சொல்லாம."

"அந்த ஃப்ளாட்டுல… நான்?"

"அத இன்னும் முடிவு பண்ணல" என்று மிளகாய்த் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. "கவிதாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"அதுதான கூட உக்காந்து தேடிக்குடுத்துச்சு. உங்க மாமாகிட்ட மட்டும் சொல்லாதம்மான்னேன்."

ஆக, நான் துடைப்பம், பால்கனி, பூந்தொட்டி என்று குத்திக் குத்திப் பேசிய ஒவ்வொரு முறையும், அந்தப் பெண் 'பாத்தது அத்தைதான் மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. மாமியாருக்குக் கொடுத்த வாக்குக்காக மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நடந்ததைச் சரோஜாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. "ஆரணிக்கு மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஆரணியில் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வழி நெடுக ஒத்திகை பார்த்துப் போயிருந்த மன்னிப்பை ஆரம்பித்தேன். பிரபு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கவிதா பாதியிலேயே நிறுத்தினாள்.

"அது போவட்டும் மாமா. கருட சேவைக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

என்ன செய்வது? இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்த கையோடு போனை எடுத்தேன். முதலில் சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகன். இந்த வருஷம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்றேன்.

"அதனால இன்னாண்ணா? நாங்க இன்னா விருந்துக்கா வரோம்? ஒரு குளியல், ஒரு வாய் காப்பி. அண்ணிக்குக் கஷ்டமே குடுக்க மாட்டோம்."

அடுத்தடுத்த போன்களிலும் இதே கதை. ஒருவர், தன் பங்குக்கு இட்லி மாவு கொண்டு வருவதாகச் சொன்னார். ஊற்றுவது யார் என்று சொல்லவில்லை. இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. கருட சேவைக்கு முந்தின நாள் சாயங்காலமே வீட்டைப் பூட்டிக்கொண்டு, நாலு பேரும் ஊரை ஒட்டி ஓரிக்கையில் இருக்கும் பிரபுவின் நண்பன் வீட்டில் போய் இறங்கினோம். சரோஜா ஆசைப்பட்டபடியே, சொல்லாமல்.

விடியற்காலையில் கோபுர வாசல் எதிரே நல்ல இடமாகப் பிடித்து நின்றோம். சரோஜா கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். நடை திறந்தது. பெரிய குடைகள் ஆடி ஆடி வந்தன. பின்னால் கருடன், மேலே பெருமாள். வேட்டு வெடித்தது.

வேட்டுச் சத்தம் கேட்டதும் சரோஜாவின் கை சட்டென்று முன்னால் நீண்டது, இட்லி ஈட்டைத் தூக்கப் போவது போல. அப்புறம் அவளே உணர்ந்து, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ காலை மிதித்துவிட்டார்கள் என்று பிரபுவிடம் சொன்னேன்.

திரும்பி வந்தால், பூட்டிய கதவுக்கு முன்னால் பை, மூட்டையோடு பெரிய கூட்டம். "எங்கண்ணி போயிட்டீங்க?" என்று சித்தப்பா மகன் கேட்டான்.

"சாமி பாக்கத்தான்" என்றாள் சரோஜா. "நாங்களும் இப்பத்தான் வந்து எறங்கறோம். டிபன் எங்க கெடைக்கும்?"

ஓட்டலுக்கு ஓடியது நானும் பிரபுவும். காபி போட்டது நான். இரண்டாவது டம்ளர் யாரும் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

இப்போது எங்கள் கம்ப்யூட்டரில் ஃப்ளாட் விளம்பரம் வருவதில்லை. போன வாரத்திலிருந்து வேறு ஒன்று துரத்துகிறது — 'பெண்கள் மட்டும் போகும் பத்து நாள் காசி டூர்.'

"குக்கிய அழிச்சிடலாமா சார்?" என்று டில்லிபாபு கேட்டார். கூடவே கூடாது என்றேன். அவள் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்கு வேறு எப்படித் தெரியும்?

நேரே அவளிடமே கேட்டுவிடலாமே என்கிறீர்களா? கேட்கலாம்தான்… சொல்லிவிடுவாளே!