பிடிக்காத நடை

ஆம்பூரில் தையல் டீச்சராக இருந்த ஜெபகனிக்கு நாற்பத்திரண்டாவது வயதில் சக்கரை வியாதி வந்தது. அது எழுபத்தெட்டாம் வருஷம். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "காலைல வேகமா நடக்கணும்மா, வேர்வை வர்ற மாதிரி. மாத்திரை பாதி, நடை பாதி" என்றார்.

மாத்திரை அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. நடை என்றதும்தான் மலைப்பாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே ஓட்டமும் ஆட்டமும் அவளுக்கு ஆகாது. டிரில் பீரியட் வந்தால் தலைவலி என்று சொல்லி மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்த இடத்தில் கையால் செய்கிற வேலைதான் பிடிக்கும் என்பதால் தையல் படித்தாள். பருத்த உடம்பு வேறு. நாலு தெரு நடந்தால் தொடை உரசிப் புண்ணாகும், ரவிக்கை முதுகில் ஒட்டும், மூச்சு வாங்கும். போதாததற்கு, விடிகாலையில் தோல் பதனிடும் ஷாப்புகளின் சாக்கடை நாற்றம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும்.

அவள் புருஷன் வில்சன் இதற்கு நேரெதிர். தோல் கம்பெனியில் சூபர்வைசர். விடிந்ததும் வாசலில் பனியனோடு நின்று கர்லாக்கட்டை சுற்றுவார். போகிறவர் வருகிறவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வாசலில் சுற்றுவார். குழந்தை இல்லாத வீடு. டாக்டர் சொன்னதைக் கேட்டதும் சிரித்தார்.

"நீ நடக்கறதா? காஞ்ச பாலாத்துல தண்ணி வந்தாலும் வரும், நீ நடக்க மாட்ட" என்றார்.

அவர் சொன்னது பொய்யாகவும் இல்லை. முதல் வாரம் இரண்டு நாள் போனாள், மூன்றாம் நாள் மழை வரும்போலிருந்தது. அடுத்த மாதம் ஒரு நாள் நாய் துரத்தியது. கண் போய்விடும், கிட்னி போய்விடும் என்று டாக்டர் பயமுறுத்தினார். பயம் சாயங்காலம் வரைக்கும் இருக்கும். காலையில் போர்வைக்குள் அது இருக்காது. போதகர் வந்து, சரீரம் தேவனுடைய ஆலயம் என்று ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். ஆலயம் அசையவில்லை.

இரண்டு வீடு தள்ளி இருந்த வஹீதாவுக்கும் அதே வியாதி. விதவை. அவள்தான் ஒருநாள் கதவைத் தட்டினாள்.

"டீச்சர், நீங்க வந்தா நானும் போவேன். தனியா அனுப்ப மாட்டாங்க எங்க வீட்ல. எனக்கோசரம் வாங்களேன்."

வஹீதாவுக்கு நடக்கப் பிடித்திருந்தது. அதுதான் ஜெபகனிக்குப் புரியாத விஷயம். மகன் ஜியாவுல்லா கொண்டுவந்து போட்ட, எக்ஸ்போர்ட்டில் கழித்த ஆம்பிளை ஷூவில் இரண்டு ஜோடி எடுத்து, முனையில் துணி திணித்து, ஒன்றை ஜெபகனிக்கும் கொடுத்தாள். ஒருத்தி புர்காவிலும் ஒருத்தி புடவையிலும் ஆம்பிளை ஷூ போட்டுக்கொண்டு பாலாற்றுப் பாலம் வரை போவார்கள். பாலத்தில் நின்று வஹீதா, "இந்த நேரம் ஒண்ணுதான் டீச்சர் எனக்குன்னு இருக்குது. யாரும் சோறு கேக்கல, தண்ணி கேக்கல" என்பாள். ஜெபகனி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைப்பாள். அப்படியும் வாரத்தில் பாதி நாள் வயிற்றுவலி, பள்ளிக்கூடத்தில் வேலை என்று ஏதாவது சொல்லிக் கழன்றுகொள்வாள்.

அந்த வருஷக் கோடை விடுமுறைக்கு வில்சனின் தங்கை இன்பம் திமிரியிலிருந்து வந்திருந்தாள். ஒரு மத்தியானம் ஜெபகனி பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக இன்பத்தின் குரல் கேட்டது.

"அண்ணா, தப்பா நெனைக்காத. சக்கரை வந்த பொம்பளை எத்தினி நாள் தாங்குவா? அண்ணியும் உடம்பப் பாக்க மாட்டேங்கறாங்க. நெமிலியில ஒரு பொண்ணு இருக்குது. நம்ம சபைதான். நர்சு வேலை. கல்யாணம் தட்டிட்டே போவுது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உனக்குன்னு ஒரு ஆள் வேணாமா?"

ஈரப் புடவையைக் கையில் பிடித்தபடி ஜெபகனி நின்றாள். வில்சன் தங்கையை அதட்டுவார், வாயை மூடு என்பார் என்று காத்திருந்தாள். வில்சன் கேட்டார்: "வயசு இன்னா?"

மறுநாள் வஹீதா வருவதற்கு முன்பே ஜெபகனி ஷூ போட்டுக்கொண்டு தெருவில் நின்றாள். வஹீதாவே ஓட வேண்டியிருந்தது. "இன்னா டீச்சர், யார் மேல கோவம்?" என்றாள். ஜெபகனி வேகத்தைக் குறைக்கவில்லை. கால் எரிந்தது, நெஞ்சு அடைத்தது, நாற்றம் அப்படியேதான் இருந்தது. எதுவும் பிடித்துவிடவில்லை. ஆனால் படுக்கையில் கண் விழித்ததும் அந்த இரண்டு வார்த்தைக் கேள்வி காதில் விழும். எழுந்துவிடுவாள். டாக்டராலும் போதகராலும் முடியாததை அந்தக் கேள்வி செய்தது. தொளதொளத்துப்போன ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். டாக்டர் சக்கரை கம்மியாகிவிட்டது என்று பாராட்டினபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. 'இருக்கிறேன், சாகவில்லை' என்று வீட்டுக்குப் போய் ஒருத்தர் முன்னால் நிற்க வேண்டும்போலத்தான் இருந்தது.

எண்பத்திரண்டில் ஜியாவுல்லா வீட்டு முற்றத்திலேயே ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற யூனிட் போட்டான். விடிகிற நேரத்துக்கே பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு டீ, நாஷ்டா, மேற்பார்வை எல்லாம் வஹீதா தலையில் விழுந்தது. அவள் நடை நின்றது.

ஜெபகனி நேரில் போய்க் கேட்டாள். "ஒரு மணி நேரம் விடுப்பா. உங்க அம்மாவுக்கு அது மருந்து."

ஜியாவுல்லா மரியாதையாகத்தான் சொன்னான்: "டீச்சர், அம்மா பொழுதுக்கும் நின்னுக்கிட்டேதான் இருக்காங்க. அதைவிட எக்சர்சைஸ் வேற இன்னா இருக்குது?"

வஹீதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆர்டர் முடியட்டும், வந்துடறேன்" என்றாள். ஆர்டர் முடியவில்லை. ஒன்று போனால் ஒன்று வந்தது.

முற்றத்தில் கிடந்த சின்ன ஆணி ஒன்று அவள் பாதத்தில் ஏறியது அவளுக்கே தெரியவில்லை. சக்கரை காலை அப்படி மரத்துப்போக வைத்திருந்தது. சீழ் நாறியபோதுதான் பார்த்தார்கள். வேலூருக்குக் கொண்டுபோய்க் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஜெபகனி பார்க்கப் போனபோது வஹீதா போர்வையை இழுத்து அந்த இடத்தை மூடிக்கொண்டாள். "நீங்க நிறுத்திடாதீங்க டீச்சர்" என்றாள். அடுத்த ரம்ஜானுக்கு அவள் இல்லை.

துக்கத்துக்குப் போனபோது ஜியாவுல்லா கண் கலங்க, "அம்மா ஒரு நாள்கூட சும்மா உக்காந்ததில்ல டீச்சர். அவங்களுக்குப் போய் இப்படி" என்றான்.

"உக்காரவும் விடல, நடக்கவும் விடல" என்றாள் ஜெபகனி. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நிற்காமல் வந்துவிட்டாள். அதற்கப்புறம் நடக்கப் போவதே தண்டனையாக இருந்தது. பிடித்தவள் போய்ச் சேர்ந்தாள், பிடிக்காதவள் பாலம் வரைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள்.

எண்பத்தாறில் சபையில் ஒரு ஜெபக் கூட்டம். வில்சன் சாட்சி சொல்ல எழுந்தார். இப்போது அவருக்குத் தொந்தி விழுந்திருந்தது, கர்லாக்கட்டை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. "என் மனைவி பிழைக்க மாட்டாள் என்று சொன்னவர்கள் உண்டு. நான் விசுவாசத்தை விடவில்லை. தினமும் அவளை எழுப்பி நடக்க வைத்தேன். கர்த்தர் கிருபை செய்தார்" என்றார். சபை முழுவதும் ஆமென் என்றது. பக்கத்தில் இருந்தவள் தோளைத் தொட்டு, "குடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள். ஜெபகனி வாயைத் திறந்தாள். ஆமென் என்றுதான் வந்தது.

மறுநாள் காலை ஜியாவுல்லா வீட்டைக் கடந்தபோது உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் பெண்டாட்டி சகீனா குடத்தோடு படியேறிக்கொண்டிருந்தாள். இரண்டு பிரசவத்தில் உடம்பு கனத்திருந்தது, மூச்சு வாங்கியது.

"சகீனா, நாளைலருந்து என்கூட வர்றியா? பாலம் வரைக்கும்தான்."

சகீனா சிரித்தாள். "ஆசைதான் டீச்சர். ஆனா ஆர்டர் ஜாஸ்தி. முடியட்டும்."

உள்ளேயிருந்து யாரோ டீ கேட்டார்கள். சகீனா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். ஜெபகனி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு, ஒரு அடிகூட எடுத்து வைக்க மனசில்லாமல், நடந்தாள்.