ரயில் போகட்டும்

ஜார்ஜ்டவுன் காப்பிக் கடையொன்றில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய சிலிப்பர் கட்டைகளை மேசையாக்கியிருந்தார்கள். மழை ஈரத்தில் அந்தத் தார் வாசனை எழுந்ததும், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் நானும் அக்காவும் வளர்ந்த, இரட்டை ரயில் பாதைக்காக இடிக்கப்பட்ட ரயில்வே லைன் வீடுகள் கண்முன் வந்து நின்றன. பத்துப் பன்னிரண்டு வீடுகள்தான் ஊர். தண்டவாளம் போட வந்த தமிழர்கள், கணக்கெழுதிய யாழ்ப்பாணக் கிராணியார், ஒரு மலாய்க் குடும்பம், எல்லோருக்கும் ஒரே பழக்கம்: ரயில் வந்தால் பேச்சு அந்தச் சொல்லிலேயே நிற்கும், கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சண்டை மட்டும் பெரும்பாலும் தொடராது. திறந்த வாயோடு எதிரெதிரே காத்து நிற்பவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அம்மாவை நான் பாயான் லெப்பாஸிலுள்ள என் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று, எதிரே உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் கோபம்.

"எல்லாம் ஒன் இஷ்டம்தான்லா, என்கிட்ட ஒரு வார்த்த..."

வெளியே பெரிய லாரியொன்று இரைந்துகொண்டு கடந்தது. அக்கா நிறுத்தினாள். நானும் காத்திருந்தேன்.

இரைச்சல் ஓய்ந்தது. அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இல்லாத அந்த ஊரை மனதுக்குள் கும்பிட்டேன்.

"காப்பி ஆறுது, குடிலா" என்றாள்.