மடக்குப் பலகை

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. கல்யாணமாகி செஞ்சிக்கு வந்த புதிதில், கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஒற்றை அறையில் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். அறுபதுகளின் தொடக்கம். சுற்றுப்பட்டு ஊர்களுக்கு ஒவ்வொன்றாகக் கரண்டு வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஒயர்மேன். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வருவார். அதுவரை எனக்கு இருந்த ஒரே வேலை, ரீப்பர் கட்டையில் கிளிப்பு அடிப்பது. ரீப்பர் என்பது கூரையை ஒட்டி ஒயரைத் தாங்கிப் போகும் மெல்லிய மரச்சட்டம். தரையில் வைத்தே அதில் தகரக் கிளிப்புகளை ஆணி வைத்து அறைந்து கொடுத்துவிட்டால், மேலே நிற்கிறவருக்குப் பாதி வேலை மிச்சம். கட்டைகள் தீர்ந்துவிட்டால் மறுபடியும் நடக்கத் தொடங்கிவிடுவேன்.

அவருக்கு இருந்த தொல்லையெல்லாம் எதன் மேல் நிற்பது என்பதுதான். ஏணியைச் சாய்க்கச் சுவர் வேண்டும். வேலையோ கூடத்துக்கு நடுவில், உத்தரத்தில். போகிற வீட்டில் என்ன கொடுக்கிறார்களோ அதன் மேல் ஏறுவார். ஒரு வீட்டில் நெல் மூட்டைகள், இன்னொரு வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு. ஒருநாள் பெஞ்சின் மேல் முக்காலியைப் போட்டு ஏறி, முக்காலி நழுவி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தைலம் தேய்த்துவிட்டபடியே சொன்னேன்.

"மடக்குக் கட்டில் இருக்குதே, அது மாதிரி கால் மடங்குற பலகை ஒண்ணு செஞ்சி, போற எடத்துக்கெல்லாம் எடுத்துக்கினு போனா இன்னா?"

"பஸ்லயா? சும்மா இரு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சும்மா இருக்கத்தான் எனக்குத் தெரியாதே. மறுநாள் அவர் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனதும் நான் தச்சரிடம் போனேன். ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்குப் பலகை. அடியில் இரண்டு ஜோடிக் கால்கள், கீல் வைத்து உள்பக்கம் மடங்கும்படி. விரித்தால் அசையாமலிருக்க இரும்புக் கொக்கிகள். தச்சர் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் நம்பினார். பலகை வீட்டுக்கு வந்த அன்று என் வீட்டுக்காரர் அதன் மேல் ஏறி நின்றார், குதித்தார், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். நல்லது என்றோ கெட்டது என்றோ வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அது இல்லாமல் அவர் வேலைக்குப் போனதில்லை.

அவருடன் கூடமாட இருந்த ஆள் நெய்வேலியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கருவிப் பையும் ஒயர்ச் சுருளும் ரீப்பர் கட்டும் போக, பலகையைத் தூக்க இன்னொருவர் வேண்டும். "நான் வரேன்" என்றேன். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி இல்லை.

அப்படித்தான் ஒரு காலையில் மேல்சித்தாமூருக்குக் கிளம்பினோம். கண்டக்டர் பலகையைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னாம்மா இது, பாடை கணக்கா இருக்குது? காலங்காத்தால இத்த ஏத்துனா சனங்க எறங்கிடுவாங்க."

"இதுல ஏறி நின்னுதான் ஊருக்கெல்லாம் வெளக்கு போடுறாரு. உங்க வீட்டுக்குக் கரண்டு வேணாமா?" என்றேன்.

பின்னால் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கண்டக்டரும் சிரித்து, "மேல போடு" என்றார். வழி நெடுக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் குலுங்கும்போதெல்லாம் கூரைமேல் பலகை தடதடப்பது கேட்டது. மறுநாள் காலையில் மின்வாரிய அதிகாரி வந்து சோதிப்பதாக இருந்தது. அன்றைக்குள் வேலை முடியாவிட்டால் நாங்கள் ஒயர் போடப் போகிற வீட்டுக்கு அடுத்த முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

மேல்சித்தாமூரில் பலகையை இறக்கினோம். மடக்கிய கால்களைக் கட்டியிருந்த கயிறு வழியிலேயே தளர்ந்துபோயிருந்தது. கீழே நின்று வாங்கிய என் வீட்டுக்காரர் கையில் பலகை சாய்ந்ததும் மடங்கியிருந்த கால்கள் விரிந்து, இரும்புக் கொக்கி அவர் வலது மணிக்கட்டில் அறைந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கை வீங்கி, ஸ்குரூடிரைவரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.

அது ஒரு நயினார் வீடு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடும் சமணக் குடும்பம். நயினார் எங்கள் நிலையைப் பார்த்து, "போகட்டும், விடுங்க. இருட்டுனப்புறம் எங்களுக்கு அடுப்படியில வேலையே இல்ல. வெளக்குக்கு இன்னா அவசரம்?" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "அடுப்படிக்கு இல்ல. பொண்ணு பரீட்சைக்குப் படிக்குது. சிம்னி வெளக்குல கண்ணு எரியுதுன்னு அழுவுது."

நான் கூரையைப் பார்த்தேன். என் கைகள் துறுதுறுத்தன. "ஏங்க, நான் ஏர்றேன். நீங்க கீழ நின்னு சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். நயினார் தொண்டையைச் செருமினார். "பொம்பளைய மேல ஏத்தறது..."

"ஆம்பளைங்க எல்லாம் பின்கட்டுக்குப் போங்க" என்றார் அந்த அம்மாள். "அவங்க வீட்டுக்காரரு மட்டும் இருக்கட்டும்." தெருக்கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, பலகையின் ஒரு கோடியைத் தானே பிடித்துக்கொண்டார்.

புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினேன். தலைக்கு மேல் உத்தரம், ஒட்டடை, ஒரு குளவிக் கூடு. கையைத் தூக்கியபடியே ரீப்பரை உத்தரத்தோடு அழுத்திப் பிடித்து திருகாணி முடுக்குவது, தரையில் உட்கார்ந்து கிளிப்பு அடிப்பது போலில்லை. தோள் இற்றுப்போனது. கண்ணில் மண் விழுந்தது. "இடது பக்கம் தாழ்ந்துபோச்சு பாரு." "முடுக்காத, கட்டை வெடிச்சிடும்." கீழே அவர் இப்படிச் சொல்லிக்கொண்டே உட்காராமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் மேலே நடந்த அளவுக்கு அவர் கீழே நடந்தார். தவிப்பில் இடது கையால் சுத்தியலை எடுப்பார், வைப்பார். ஒருமுறை, "எறங்கு, நானே ஏர்றேன்" என்று காலைத் தூக்கினார். அந்த அம்மாள் பலகையை விடாமல், "கையில வீக்கம் இருக்கறப்ப நீங்க விழுந்தா யாரு பாக்கறது?" என்று ஒரு போடு போட்டார். அவர் தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

மூன்று விளக்குகளுக்கு ஒயர் இழுத்துச் சுவிட்சுப் பெட்டி வரை கொண்டுவந்து இறங்கியபோது முற்றத்தில் வெயில் போயிருந்தது. ஒயர் முனைகளை இணைக்கும் நுணுக்க வேலையை மட்டும் அவர் இடது கையால், பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். கடைசி பஸ் போய்விட்டது. அந்த வீட்டிலேயே தங்கினோம்.

காலையில் அதிகாரி ஜீப்பில் வந்தார். கைப்பிடி சுற்றும் பெட்டியை வைத்து ஒயரைச் சோதித்தார். பெட்டியில் முள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரீப்பரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கட்டுப்போட்ட கையைக் கண்டதும், "இந்தக் கையோட எப்படிய்யா மேல வேலை செஞ்ச?" என்றார்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் கதவோரம் ஒதுங்கினேன். அந்த அம்மாள் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"மேல் வேலை எல்லாம் அவ செஞ்சது சார். முடிச்சு மட்டும் நான் போட்டேன்."

அதிகாரி என்னை ஒருமுறை பார்த்தார். மறுபடி ரீப்பரை ஆட்டினார், முன்பைவிடப் பலமாக. அது அசையவில்லை. "சரியா இருக்குது" என்று ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமா, வெட்கமா, வலியா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். விரல்களை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தேன். பாதி வழி தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலேயே பேசினார்.

"தொண்டூர்ல ஒரு வீடு ஒத்துக்கினு இருக்கிறேன். கையி சரியாவ நாளாகும் போல இருக்குது."

"நான் வரேன்."

"அங்க உத்தரம் இன்னும் ஒசரம்."

"இருக்கட்டும்" என்றேன்.

கை சரியான பிறகும் நான் போய்க்கொண்டுதான் இருந்தேன்.