மங்கை அக்கா கழற்ற விடாத வயர்

பழைய தொலைபேசி சொக்கற்றில் புது ரவுட்டர் பூட்டுவது ஐந்து நிமிட வேலை என்று சொல்கிறவர்கள், வவுனியாவில் ஒரு வீட்டுக்கும் போயிராதவர்கள். மேசைக்குக் கீழே குனிந்து, நாரி பிடித்து நிமிர முடியாமல் போனவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

வேறு ஓட்டை

போரால் வடக்கே போகும் ஏ9 பாதை பூட்டியிருந்த காலம். நெல் வெட்டுக்கென்று கிளிநொச்சிக்குப் போன மங்கை அக்காவின் கணவர் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். யாராவது சற்றலைற் போன் வைத்திருந்தால், வரிசையில் நின்று வீட்டுக்குக் கோல் எடுப்பார். இன்ன நாள், இன்ன நேரம் என்றில்லை. அக்காவின் முகத்தைக் கணினியில் பார்க்க ஆசைப்பட்டுக் கனடாவிலிருந்த தம்பி இணையத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். அதைப் பூட்டத்தான் நான் போனேன்.

போன் வயரைக் கொஞ்சம் கழற்ற வேண்டும் என்றதும் அக்கா சொக்கற்றுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். "அந்த நேரம் பாத்து அவர் எடுத்தா? தம்பி, உங்கட பெட்டியை வேற ஓட்டையில குத்த ஏலாதோ?"

வேலி தாண்டிய வயர்

ஒருவழியாகச் சம்மதம் வாங்கி, பேச்சையும் இணையத்தையும் பிரிக்கிற சின்ன பில்டரைப் பூட்டினேன். ரவுட்டரின் பச்சை விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. இப்படி ஒரு விளக்கை முறைத்துப் பார்த்தபடி எத்தனை வீடுகளில் நின்றிருப்பீர்கள்.

சொக்கற்றின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு வயர் கிளம்பி, யன்னலால் இறங்கி, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குப் போனது; நானும் பின்னால் போனேன். அங்கே, முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த, எல்லாரும் ராத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்காவின் குசினியில், அதே இலக்கத்தில் இரண்டாவது போன். அதற்குப் பில்டர் இல்லாததுதான் கோளாறு. வயரை வெட்டிவிடலாமா என்று அவரிடம் கேட்டேன்.

ராத்தா கறியைக் கிண்டியபடியே சொன்னார்: "நல்லா வெட்டுவீங்க. மங்கை கிணத்தடிக்குப் போனா இடி விழுந்தாலும் கேக்காது. நான்தான் எடுத்து, 'பொறுங்க, வாறா'ண்டு அந்த மனிசனோட கதை குடுத்துக்கொண்டு நிக்கிறது."

இன்னொரு பில்டரை எடுத்து அங்கேயும் பூட்டினேன்.

மணி

விளக்கு நிலைத்தது. கனடாத் தம்பி திரையில் வந்தார். "அக்கா, மெலிஞ்சு போனாய்" என்றார். "ஓம்" என்றார் அக்கா. பார்வை முழுக்கப் போனில் இருந்தது.

ரிசீவரைத் தூக்கிக் கொடுத்தேன். லைன் இருக்கிற இரைச்சல் கேட்டது. அக்காவுக்கு அது போதவில்லை. உள்ளே வாற கோல் அடிக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி. அந்த இலக்கத்துக்கு எடுத்துக் காட்ட என் கைத்தொலைபேசிக்கு அன்று சிக்னல் இல்லை. நான் சாமான்களை அடுக்கினேன். அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை. தம்பி அங்கே பனியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது போன் அடித்தது. அக்கா இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்து, "ஹலோ, நான்தான்" என்றார். பிறகு, "இல்லை ஐயா, இது வீடு" என்று சொல்லி ரிசீவரை மெதுவாக வைத்தார்.

வேலிக்கு அப்பாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது: "மங்கை, அவரோ?"

"இல்லை ராத்தா, அரிசி ஆலையெண்டு நினைச்சு ஆரோ எடுத்தவை. ஆனா மணி அடிக்குது."

இணையத்தின் வேகத்தை அந்த வீட்டில் யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஆனால் ஆலைக்கு எடுத்த யாரோ ஒருவரின் புண்ணியத்தில் எனக்குத் தேத்தண்ணியும் வடையும் கிடைத்தன.