லவுசிட்ஸ் காட்டில் ஒரு மான்

போன கிழமை மனிசி வீட்டின் கீழறையைத் துப்புரவாக்கப் போய், பழைய பச்சை ஜக்கெற் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். "இஞ்சேருங்கோ, இது இனி ஆருக்கு? ரோட்டிலை பழைய உடுப்புப் போடுற பெட்டிக்குள்ளை போடட்டோ?" என்று கேட்டாள். நான் அதை வாங்கி முகத்தில் வைத்தேன். இத்தனை வருசத்துக்குப் பிறகும் வறுத்த மிளகாய்த்தூளும் பொரித்த வெங்காயமும் மணத்தது. அதற்கு அடியில், தேடினால் மட்டும் பிடிபடுகிற மாதிரி, பைன் மரத்துப் பிசின். போட வேண்டாம் என்றேன். விசர் மனிசன் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் திரும்பக் கீழே போய்விட்டாள்.

எங்கடை ஆட்களின் குளிர் ஜக்கெற்றுகளுக்கென்று ஒரு மணம் உண்டு, உங்களுக்குத் தெரியாததில்லை. சின்ன வீடு, குசினிக் கதவுக்குப் பக்கத்தில்தான் ஜக்கெற் கொழுவ இடம், குளிருக்கு யன்னலும் திறக்கேலாது. மகள் பள்ளிக்கூடத்தில் வெட்கப்பட்டுத் தன்னுடையதை மட்டும் பல்கனியில் காயப்போடுவாள். எனக்கு அந்த வெட்கமெல்லாம் இருக்கவில்லை. நான் வேலை செய்ததே ஜெர்மனியில், டோர்ட்மண்டில் ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில். அங்கே எல்லோரிலும் அவித்த முட்டைக்கோவா மணத்தது, என்னுடைய வெங்காயத்தை ஆர் கவனிக்கிறது?

கவனித்தவள் ஒருத்திதான், பிர்கிட். சாப்பாட்டுத் தட்டுகள் ஓடுகிற பட்டியில் எனக்கு எதிர்ப்பக்கம் நிற்பாள். ஆருக்கு உப்பில்லாதது, ஆருக்குச் சீனியில்லாதது என்று அட்டையைப் பார்த்துச் சொல்வது அவளுடைய வேலை. என்னை விட நாலைந்து வயது மூப்பு, தனியாள். "நீ வந்தா எனக்குப் பசிக்குது" என்பாள், காலைமை ஆறு மணிக்கு. அவள் பேசிய ஜெர்மனை நான் எங்கடை தமிழிலேயே சொல்கிறேன். வேறு தமிழ் பேசுகிற பிர்கிட்டை எனக்கு நினைக்க ஏலாது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒருநாள், அவள் பக்கவாட்டில் நின்ற தள்ளுவண்டியில் மோதினாள். அடுத்த கிழமை இன்னொன்றில். நான் பகிடி பண்ணினேன், முதல்நாள் விருந்து பலம் போல என்று. அவள் சிரிக்காமல், தன் கண் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருகிறது என்றாள். கடதாசியைச் சுருட்டி அதன் துவாரத்தால் பார்க்கிற மாதிரி. துவாரம் வருசா வருசம் சிறுக்கும், வெளிச்சம் குறைந்தால் அதுவும் இல்லை. டொக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டாராம். எனக்குப் பகிடி பண்ணிய வாயைக் கழுவவேண்டும் போல இருந்தது.

அதற்குப் பிறகு அட்டைகளை நான் இந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் படித்து மெதுவாகச் சொல்லுவேன், அவள் உரக்கச் சொல்லுவாள். மேற்பார்வையாளருக்குக் கடைசிவரை தெரியாது. அப்படி ஒருநாள் தட்டு இரண்டுக்கு நடுவிலேதான் சொன்னாள், கண் மூட முதல் ஒரு ஓநாயைப் பார்க்கவேண்டும் என்று. கூண்டில் இல்லை, காட்டில். போலந்துப் பக்கத்திலிருந்து ஓநாய்கள் எல்லை கடந்து கிழக்கே லவுசிட்ஸ் காட்டுக்கு வந்துவிட்டன என்று அப்போது பேப்பரெல்லாம் எழுதினார்கள். ஒருத்தரும் அதுகளிடம் Antrag, அதுதான் அகதி விண்ணப்பம், கேட்கவில்லை என்று எங்கடை ஆட்கள் பகிடி விட்டார்கள்.

சத்தம் கேட்டால் போதாதா என்று கேட்டேன். பறவை காதுக்கும் வரும், ஓநாயைக் கண்ணால்தான் பார்க்கவேண்டும், ஊளை வேண்டுமென்றால் கசெட்டிலேயே இருக்கிறது என்றாள். அவளுக்குக் கார் ஓட ஏலாது. என்னிடம் ஒரு கிழட்டுக் கார் இருந்தது. வீட்டில் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். மனிசி சண்டை பிடிப்பாள் என்று பார்த்தால், "கண் போற மனிசி, கூட்டிக்கொண்டு போங்கோ" என்றுவிட்டு, அந்த வருசம் கெவலார் மாதா கோயிலில் புனித லூசியாவை நினைத்துப் பிர்கிட்டின் கண்ணுக்காக ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினாள்.

மூன்று தரம் போனோம். ஏழு மணித்தியால ஓட்டம். மணல் தரை, பைன் மரம், முழங்கால் உயரத்துக்கு நீலப்பழச் செடி. மரத்தில் ஏணி வைத்துக் கட்டிய பரண் ஒன்றில் இருக்கலாம் என்று அந்தக் காட்டைப் பார்க்கிற மனுசர் அனுமதி தந்தார். காற்று முகத்துக்கு வரவேண்டும், கதைக்கக் கூடாது, சென்ற் பூசக் கூடாது என்று மூன்று கட்டளை. முதல்தரம் நுளம்புதான் எங்களைப் பார்த்தது. ஆனால் பிர்கிட் கண்ணை மூடிக்கொண்டு காட்டுக்குப் பேர் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த டக் டக் கருப்பு மரங்கொத்தி, அது குயில், தூரத்தில் எக்காளம் ஊதுகிறது கிறானிஷ் என்கிற பெரிய நாரை. எனக்கு அது வரைக்கும் பறவை என்றால் ஒன்று காகம், மற்றது கோழி. இரண்டாம் தரம் இரண்டு நாளும் மழை. ஓநாய் பொழுதுபடுகிற நேரம்தான் வெளியே வரும், அந்த நேரத்துக்குப் பிர்கிட்டின் கண்ணும் அணைந்துவிடும். விடிந்து வெளிச்சத்தில் ஒன்று தவறி வந்தால்தான் உண்டு.

மூன்றாம் தரம் நாங்கள் போனது ஒரு சித்திரையில், அதற்குள் துவாரம் நன்றாகச் சிறுத்துவிட்டது. இனி அடுத்த வருசம் என்று ஒன்று இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நான் இரண்டு நாள் சவர்க்காரம் போடவில்லை, தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. அவ்வளவு பக்தி. இந்த ஜக்கெற்றைப் பற்றி மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. சொந்த மணம் ஆருக்குத் தெரியும்?

ஏழு மணி இருக்கும். நல்ல வெயில். மணல் பாதையில், நூற்றைம்பது அடி தூரத்தில், அது வந்து நின்றது. நான் பிர்கிட்டின் கையைப் பிடித்தேன். அவள் தொலைநோக்கியைத் தூக்கினாள், ஆனால் ஊசித் துவாரத்தால் காட்டைத் தேடுகிறவளுக்கு எங்கே என்று தெரியும்? மரம், மரம், வானம் என்று அலைந்தாள். நான் அவளுடைய தலையை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பினேன். இன்னும் ஒரு விரல் அளவு இருந்திருக்கும். அப்போது என் பிடரியில் காற்றுப் பட்டது. பின்னாலிருந்து. அது தலையை நிமிர்த்தி மூக்கால் எங்களைப் பார்த்தது. ஓடவில்லை. நடந்து மரங்களுக்குள் போனது.

"மணல்தான் தெரியுது," என்றாள் பிர்கிட். "என்ன நிண்டது?"

நான், "மான்" என்றேன். "சின்ன மான்."

கண்டேன் என்று சொன்னால் அவள் தவறவிட்டாள் என்றாகும். மான் என்றால் அவள் ஒன்றையும் தவறவிடவில்லை. இது ஒரு பாதி. மற்றப் பாதியையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய ஓநாயை என் வெங்காயம் துரத்தியது. பிறகு காருக்குள் இருந்து மனிசி கட்டித் தந்த இடியப்பமும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டோம். அவள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்தக் கோடையோடு அவள் வேலையை விட்டாள். இப்போது அந்தக் குசினியே இல்லை, சாப்பாடு வெளியிலிருந்து லொறியில் வருகிறது. ஓநாய்கள் எங்கள் பக்கத்துக்கும் வந்துவிட்டன. ஆரோ வீட்டு வேலியோரம் நடந்து போவதை மகள் கைபேசியில் காட்டினாள், நாய்க்குட்டி வீடியோ காட்டுகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை ஜக்கெற்றையும் கொண்டு பிர்கிட்டிடம் போனேன். அதே மூன்றாம் மாடி வீடு. இப்போது ஒன்றும் தெரியாது, ஆனால் கோப்பி ஒரு துளி சிந்தாமல் ஊற்றுகிறாள். ஜக்கெற்றைக் கையில் கொடுத்தேன். மணந்து பார்த்து, "பசிக்குது" என்று சிரித்தாள். நான் அந்தக் காலைமையை முழுவதும் சொன்னேன், வந்தது மான் இல்லை என்பதையும்.

"தெரியும்," என்றாள். "என்ரை தலையை இரண்டு கையாலும் பிடிச்சுத் திருப்பினாய். மானுக்கு ஆர் அப்பிடிச் செய்வினம்?"

அவள் கதிரையை இழுத்துக் கிட்ட வந்தாள்.

"சரி, இப்ப சொல்லு. எப்பிடி இருந்தது?"

நான் கண்ணை மூடினேன். மணல் பாதை வந்தது. பைன் மரங்கள், வெயில், பிடரியில் காற்று எல்லாம் வந்தது. நடுவில் ஒரு சின்ன மான் நின்றது. மனிசிக்கு, பிள்ளைகளுக்கு, வேலையிடத்தில் கேட்டவர்களுக்கு, இத்தனை வருசமாக மான் மான் என்றே சொல்லி வந்திருக்கிறேன். எவ்வளவு தேடினாலும் அந்த மான் விலகவில்லை.

பிர்கிட் ஜக்கெற்றை மடியில் வைத்து, முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, பரணில் இருந்ததுபோலவே சத்தமில்லாமல் காத்திருந்தாள்.