ஹைட்ரில்லா என்று நான் சொன்ன செடி

போன வாரம் மீன் வாங்கப் போனேன். சங்கரா மீனுக்குக் கண் வெளுத்திருந்தது, உடம்பு மட்டும் விறைப்பாக இருந்தது. தூக்கி முகர்ந்தேன். மூக்குக்குள் ஊசி மாதிரி ஏறியது. ஃபார்மலின்.

"என்னாங்க மோந்து பாக்குறீங்க? காலையில புடிச்ச மீனுங்க" என்றான் கடைக்காரன்.

"எந்த வருசத்துக் காலையில?" என்றேன்.

வாங்காமல் வந்துவிட்டேன். அந்த வாசனையை நான் இரண்டு வருஷம் சம்பளத்துக்கு முகர்ந்தவன். செத்ததை உயிர் உள்ளது மாதிரி காட்டுகிற மருந்து அது. அதை வைத்துத்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடந்தது.

நான் படித்தது எட்டாவது. உப்பளத்தில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தேன். 2004 ஜூனில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் லேப் அட்டெண்டர் வேலை கிடைத்தது, தற்காலிகமாக. பெயர் வேண்டாம், மரக்காணத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலில் உப்பு அரிக்காத வேலை என்று நான் கொஞ்சம் துள்ளினேன். ஜாடி துடைக்க வேண்டும், தவளை பிடித்துத் தர வேண்டும், பயாலஜி சாருக்கு டீ வாங்க வேண்டும். முக்கியமானது டீ.

ஃபார்மலின் ஊற்றிய ஜாடி ஐந்து இருந்தது. ஒரு பாம்பு, ஒரு தேள், மற்ற மூன்றும் என்ன என்று சாருக்கே தெரியாது. அதை மேசையில் வைத்துத்தான் 'உயிரினங்களின் பன்மை' பாடம் எடுப்பார். ஜன்னலைத் திறந்தால் உப்பளத்துத் தண்ணீரில் பூநாரை வரிசையாக நிற்கும். திறக்க மாட்டார். உப்புக் காற்று பட்டால் மைக்ராஸ்கோப் துருப்பிடிக்குமாம். அந்த மைக்ராஸ்கோப்பில் லென்ஸ் கிடையாது.

சுவரில் ஒரு படம் தொங்கும். குரங்கு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து மனிதன் ஆகிற படம். ஐந்து பேர் நடந்து போவார்கள், கடைசி ஆளைக் கரையான் தின்றுவிட்டது. நாலாவதோடு நின்றிருந்தது. அந்த ஸ்டாஃப் ரூமைப் பார்த்தவன் நான். நின்றது சரியான இடத்தில்தான் என்பேன்.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் சார், பூமி சூடாவதால் வருங்காலத்தில் கடல் மட்டம் உயரக்கூடும் என்று புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். பின் பெஞ்சில் குப்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், வீடு போனவர்கள், அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அது வேற, இது வேற என்று சார் விளக்கினார். இருக்கலாம். ஒரு தடவை தலையைத் தூக்கி அந்த இரண்டு முகத்தையும் பார்த்திருக்கலாம்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த குளத்திலும் ஓடை வழியாக உப்புத் தண்ணீர் ஏறியிருந்தது. அதில் இருந்த பாசி அத்தனையும் அழுகிப்போனது. அந்தப் பாசிக்கு ஹைட்ரில்லா என்று புத்தகத்தில் பெயர். பிளஸ் டூ செய்முறைப் பரீட்சைக்கு அதுதான் வேண்டும். கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் பாசியைப் போட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, புனல் காம்பின்மேல் தண்ணீர் நிரப்பிய குழாயைக் கவிழ்த்து வெயிலில் வைத்தால், செடி மூச்சு விட்டுக் குமிழ் ஏறும். குழாயில் சேர்வது ஆக்சிஜன். ஒளிச்சேர்க்கை. எட்டாவது படித்த எனக்கே மனப்பாடம்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாரிடம் சொன்னேன். "குளத்துல பாசி இல்ல சார். பெருமுக்கல் பக்கம் ஏரியில கெடைக்கும். சைக்கிள்ல போய் எடுத்துனு வந்துர்றேன்."

"நீ ஏரிக்குப் போயிட்டா எக்ஸ்டர்னலுக்கு டிபன் யார்ரா சொல்லி வைக்கிறது? அந்தாளு ஒரு மாதிரி. வடை ஆறிப்போனா மூஞ்சி தூக்குவாரு."

கொஞ்சம் யோசித்தார். "ஹெச்.எம். ரூம்ல மீன் செத்த தொட்டி ஒண்ணு கெடக்குதுல்ல, அதுல இருக்கிற செடிய எடுத்துனு வா."

"சார், அது பிளாஸ்டிக்கு."

"பச்சையா இருக்குதா?"

"இருக்குது."

"அப்புறம் என்னா. பொட்டிக்கடையில ரெண்டு சோடா வாங்கி ஊத்து. குமிழு வரும்."

வந்தது. மறுநாள் காலை, பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் ஊற்றினேன், பாதி சோடா, பாதி தண்ணீர். பிளாஸ்டிக் இலையில் முத்து முத்தாக ஒட்டி ஒவ்வொன்றாக மேலே ஏறியது. நிஜச் செடி அவ்வளவு அழகாக மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. வேறு பள்ளியிலிருந்து பரீட்சை நடத்த வந்திருந்த எக்ஸ்டர்னல் குனிந்து பார்த்தார். எம்.எஸ்சி. படித்தவர். "நல்லா ஒர்க் ஆவுது சார்" என்று சொல்லிவிட்டு நியூஸ் பேப்பரை விரித்தார்.

யாருக்கு எந்தச் சோதனை என்பது சீட்டு எடுத்து முடிவாகும். புனல் சோதனை ஸ்டெல்லாவுக்கு விழுந்தது. அவள் அம்மா அளத்தில் என்னோடு உப்புக் கூடை சுமந்தவள். பெண்ணை நர்ஸாக்க வேண்டும் என்பாள், வேறு பேச்சு கிடையாது. அதற்குப் பயாலஜி மார்க் வேண்டும். செய்முறை மார்க் எல்லோருக்கும் முழுசாகப் போடுவதுதான் வழக்கம். புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் போதும்.

அவள் எழுதவில்லை. செய்து பார்த்தாள்.

குழாயில் உள்ளது ஆக்சிஜன்தானா என்று பார்க்க, கனலும் குச்சியை உள்ளே காட்ட வேண்டும், பளிச்சென்று எரியும் என்று புத்தகத்தில் கடைசி வரி இருக்கிறது. அந்த வரியை அந்த ரூமில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. ஸ்டெல்லா தண்ணீருக்குள்ளேயே கட்டைவிரலால் குழாயை மூடி நிமிர்த்தினாள். சாமி படத்துக்கு வைத்திருந்த ஊதுபத்தியை எடுத்து உள்ளே விட்டாள். அணைந்தது. திரும்பப் பற்றவைத்துக் காட்டினாள். திரும்ப அணைந்தது. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

சார் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். குழாயில் இருப்பது ஆக்சிஜன் அல்ல என்று எழுதியிருந்தாள்.

"ஒன்ன யாரு பத்தவைக்கச் சொன்னது?"

"புக்குல போட்டிருக்குது சார்."

"புக்குல போட்டிருக்கிறத எழுது. செய்யாத."

"அணைஞ்சிடுச்சே சார்."

"அத அடிச்சிட்டு, எரிஞ்சுதுன்னு எழுது."

அவள் பேனாவை எடுக்கவில்லை. சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தாள். "அண்ணா, அது என்னா செடிண்ணா?"

எக்ஸ்டர்னல் பேப்பரை இறக்கினார். சார் என்னைப் பார்க்கவே இல்லை. அவ்வளவு நம்பிக்கை என்மேல். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் எழுதியது சரியாகிவிடும். என் வேலை போகும். உப்பளம் எங்கேயும் போய்விடவில்லை, திரும்பப் போயிருக்கலாம். கால் அரிக்கும், அவ்வளவுதான்.

"ஹைட்ரில்லாம்மா" என்றேன்.

"கரெக்ட்" என்றார் எக்ஸ்டர்னல். படித்த காலத்தில் எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஸ்டெல்லா கடைசி வரை அடிக்கவில்லை. பேப்பரை அப்படியே கொடுத்துவிட்டுப் போனாள். சார் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். நர்ஸிங் சீட்டு கொஞ்ச மார்க்கில் தவறியது என்று பிறகு அவள் அம்மா சொன்னாள். எந்த மார்க் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

அப்படிக் காப்பாற்றிய வேலை 2006 வரை இருந்தது. நிரந்தர ஆள் வந்தான், என்னை அனுப்பிவிட்டார்கள். சார் ஒரு டீகூட வாங்கித் தரவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாமனாரைப் பாண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். படுக்கை விரிப்பு மாற்ற வந்தவள் ஸ்டெல்லா. என்னை உடனே கண்டுகொண்டாள். அவருக்கு விரிப்பை மாற்றினாள், புரட்டிப் படுக்கவைத்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"அது பிளாஸ்டிக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்ணா. நீங்க சொல்றீங்களான்னுதான் கேட்டேன்."

கோபம் இல்லை. பழைய விரிப்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

இப்போது அந்தக் குளத்தை மூடி மனை போட்டிருக்கிறார்கள், நாலு மூலையிலும் கொடி நட்டு. லேப் இருந்த கட்டடத்தை இடித்தாயிற்று. சார் ரிட்டையர் ஆகி, செத்தும் போனார். நான் பொய் சொன்ன இடம் என்று காட்ட ஒரு செங்கல் இல்லை. கேட்டவள் மட்டும் இருக்கிறாள், தினம் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாள்.